எமுலேட்டரில் காண்ட்ரா வேகமாக ஓடுகிறதா? மூன்றாம் கட்டத்தைத் தாண்ட முடியவில்லை

பழையகேசட் | பதிவு 1

அனைவருக்கும் வணக்கம். 1990-களின் பிற்பகுதியில் மதுரையில் எங்கள் வீட்டில் ஒரு டிவி கேம் பெட்டி இருந்தது. மஞ்சள் கேசட்டைச் செருகி, ஓடாவிட்டால் கழற்றி ஊதிவிட்டு மறுபடியும் செருகி, கோடை விடுமுறை முழுவதும் நானும் அக்காவும் காண்ட்ரா என்ற சுடும் விளையாட்டை ஆடியிருக்கிறோம். எட்டுக் கட்டங்களையும் முடித்து, கடைசியில் தீவு வெடித்துச் சிதறுவதையும் பலமுறை பார்த்திருக்கிறோம். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. என் கேள்விக்கு இது தேவைப்படுவதால் சொல்கிறேன்.

சென்ற மாதம் கணினியில் ரெட்ரோஆர்ச் என்ற எமுலேட்டர் நிரலை (பழைய பெட்டிகளைக் கணினியில் போலச்செய்வது) நிறுவி, அதில் எங்கள் வகைப் பெட்டிக்கான மெசன் கோரை ஏற்றி, எச்டிஎம்ஐ வழியாகக் கூடத்து டிவியில் இணைத்தேன். படம் கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கிறது. ஆனால், மூன்றாவது கட்டமான அருவியை என்னால் ஒரு முறைகூடத் தாண்ட முடியவில்லை. வயது நாற்பதை நெருங்குவதால் கை தளர்ந்துவிட்டது என்று முதலில் நினைத்தேன். பிறகு கவனித்துப் பார்த்தபோது, விளையாட்டே நான் அறிந்ததைவிட வேகமாக ஓடுவதுபோலத் தோன்றுகிறது, இசையும் அவசரப்படுகிறது. அது போதாதென்று, குதிக்கும் பொத்தானை அழுத்தியபின் ஆள் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் எழும்புகிறான். கோளாறு எமுலேட்டரிலா, டிவியிலா, என்னிடமா என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

தேநீர்க்கோப்பை | பதிவு 2

நண்பரே, தாமதத்தைப் பொறுத்தவரை முதல் சந்தேகம் டிவியின் மீதுதான். இக்காலத்து டிவிகள் வரும் படத்தை மெருகேற்றி, அசைவைச் சீராக்கி, அதன்பின்தான் திரையில் காட்டுகின்றன. அந்த ஒப்பனைக்கே நூறு மில்லிசெகண்டு வரை செலவாகும் டிவிகளும் உண்டு. டிவியின் பட அமைப்பில் 'கேம் மோட்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் அந்த வேலைகளில் பெரும்பாலானவை நின்றுவிடும். கம்பியில்லாக் கண்ட்ரோலர் வைத்திருந்தால், சோதனைக்காகவாவது யுஎஸ்பி கம்பி உள்ள ஒன்றை இணைத்துப் பாருங்கள்.

வேகத்தைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. எமுலேட்டர் சரியான வேகத்தில்தான் ஓடும். நம் நினைவுதான் மெதுவாக ஓடுகிறது என்பது என் எண்ணம்.

மின்கம்பி | பதிவு 3

நினைவின் மீது பழி போடுவதற்கு முன் மின்சாரத்தைக் கொஞ்சம் பார்க்கலாம்.

நம் டிவி கேம் பெட்டிகளுக்கு முன்மாதிரியான, நிண்டெண்டோ நிறுவனத்தின் மூல இயந்திரம் 1983-இல் ஜப்பானில் ஃபேமிகாம் என்ற பெயரில் வந்தது. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இருந்த என்டிஎஸ்சி டிவி முறைக்கு ஏற்ப, அது நொடிக்கு ஏறத்தாழ 60 முறை திரையை வரைந்தது. அந்தக் காலத்து விளையாட்டுகள் கடிகாரத்தைப் பார்த்து ஓடுபவை அல்ல. திரையை ஒரு முறை வரைந்தால் ஆள் ஓர் அடி நகர்வான், எதிரியின் குண்டு ஓர் அடி நகரும், இசையும் ஓர் அடி முன்னேறும். இந்தியாவில் டிவி முறை 'பால்' (PAL). அதில் நொடிக்கு 50 முறைதான். நம் ஊர்க் கடைகளில் விற்ற பெட்டிகள் நிண்டெண்டோவுடையவை அல்ல, அவற்றைப் பார்த்துச் செய்த நகல்கள் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். பால் டிவிக்காகச் செய்த நகல் பெட்டியில் 60-க்கு எழுதிய விளையாட்டைப் போட்டால், அது ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் ஓடும்.

இதற்கு உங்கள் நினைவிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. ஐரோப்பாவில் இந்த விளையாட்டை 'ப்ரோபோடெக்டர்' என்று பெயர் மாற்றி, மனிதர்களுக்குப் பதிலாக ரோபோக்களை வைத்து, 50-க்கென்றே வெளியிட்டார்கள். நீங்கள் ஆடியதில் நீலக் கால்சட்டையும் சிவப்புக் கால்சட்டையும் அணிந்த இரண்டு மனிதர்கள்தானே? அப்படியென்றால் உங்கள் கேசட்டில் இருந்தது 60-க்கு எழுதிய விளையாட்டு. பெட்டிதான் அதை 50-இல் ஓட்டியிருக்கிறது. மெசன் கோரின் அமைப்பில் 'ரீஜன்' என்று ஒன்று இருக்கும், அதை மாற்றிப் பாருங்கள்.

பழையகேசட் | பதிவு 4

நீலமும் சிவப்பும்தான், சிவப்பு எப்போதும் எனக்கு, நீலம் அக்காவுக்கு. கேம் மோட் போட்டேன், தாமதம் பாதியாகக் குறைந்ததுபோல் இருக்கிறது. ரீஜனைப் பால் என்று மாற்றியதும் வேகம் நான் அறிந்த வேகத்துக்கு வந்துவிட்டது. அதற்கு மிக்க நன்றி. ஆனால் இசை தொண்டை கட்டியவர் பாடுவதுபோல் கீழே இறங்கிவிட்டது. சில விளையாட்டுகளில் திரையின் மேற்பகுதி நடுங்குகிறது. அதோடு, காட்சி நகரும்போது சீராக நகராமல் அவ்வப்போது ஒரு சிறு இடறல் தெரிகிறது.

மின்கம்பி | பதிவு 5

தவறு என்னுடையது, சரியான பெயரைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டியது பால் அல்ல, 'டெண்டி'.

நிண்டெண்டோ ஐரோப்பாவுக்கென்று செய்த பால் இயந்திரத்தில் செயலியின் (பிராசசரின்) வேகத்தையே குறைத்துவிட்டார்கள்: 1.79 மெகாஹெர்ட்ஸிலிருந்து 1.66 மெகாஹெர்ட்ஸுக்கு. இசையின் சுருதி இந்த வேகத்திலிருந்தே பிறப்பதால், 60-க்கு எழுதிய பாட்டு அங்கே அரைச் சுருதிக்கும் அதிகமாகக் கீழே இறங்கிவிடும். தைவானின் யுஎம்சி நிறுவனத்தின் சில்லுகளை வைத்து நகல் பெட்டி செய்தவர்கள் வேறு வழியில் போனார்கள். அவர்களிடம் இருந்த விளையாட்டுகளெல்லாம் ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் எழுதியவை. அவை பிசகாமல் ஓடினால்தான் பெட்டி விற்கும். ஆகவே செயலியை 1.77 மெகாஹெர்ட்ஸில் ஓடவிட்டார்கள். மூலத்தைவிட நூற்றில் ஒரு பங்குதான் குறைவு, சுருதியில் காது அதைக் கண்டுபிடிக்காது. செயலி ஒரு துடிப்புத் துடிப்பதற்குள் படச் சில்லு மூன்று புள்ளிகளை வரையும் என்ற மூலக் கணக்கையும் அப்படியே வைத்துக்கொண்டார்கள் (ஐரோப்பிய இயந்திரத்தில் அது 3.2 புள்ளி). 262 வரிகள் இருந்த திரையை 312 வரிகளாக நீட்டினார்கள். கூடுதலான 50 வரிகளில் படம் எதுவும் இல்லை, வெறும் காத்திருப்பு. ஒரே வேலையை ஒரே கதியில் செய்துவிட்டு, ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் கொஞ்சம் இளைப்பாறும் இயந்திரம் அது. பாட்டின் சுருதி மாறாமல் தாளம் மட்டும் மெதுவானது அதனால்தான்.

ரஷ்யாவில் 1992 முதல் டெண்டி என்ற பெயரில் இத்தகைய பெட்டி பெருமளவில் விற்றதால், எமுலேட்டர் எழுதுபவர்கள் இந்த வகைக்கே அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். மெசன், எஃப்சிஇயுஎக்ஸ், நெஸ்டோபியா ஆகிய மூன்று எமுலேட்டர்களிலும் இந்தத் தேர்வு உண்டு.

திரையின் மேற்பகுதி நடுங்குவதும் இந்தப் புள்ளிக் கணக்கோடு தொடர்புடையதுதான். சூப்பர் மரியோவில் காட்சி நகர்ந்தாலும் மேலே மதிப்பெண் பட்டை மட்டும் நகராமல் நிற்கிறதல்லவா? அந்த நாணயப் படத்தின் அடியில் ஒளிந்திருக்கும் ஒரு சிறு உருவத்தின் மேல் வரைகோடு வந்து படும்வரை செயலி வேறு வேலை எதுவும் செய்யாமல் காத்திருந்து, பட்ட பிறகுதான் காட்சியை நகர்த்துகிறது. மரியோவில் இப்படிக் கேட்டுக் காத்திருக்க வழி இருக்கிறது; வேறு பல விளையாட்டுகளில் துடிப்புகளை எண்ணியே காத்திருப்பார்கள். எண்ணிக்கையின் விகிதம் மாறினால் கோடு தவறான இடத்தில் வெட்டும், நீங்கள் பார்க்கும் நடுக்கம் அதுதான்.

காட்சி இடறுவதற்குக் காரணம் எளியது. உங்கள் திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கிறது, விளையாட்டு 50 படங்களைத்தான் தருகிறது. ஆகவே ஐந்து படங்களில் ஒன்று இரண்டு முறை காட்டப்படுகிறது. விண்டோஸின் திரை அமைப்பில் ரெஃப்ரெஷ் ரேட்டை 50 ஹெர்ட்ஸ் ஆக்குங்கள். நம் ஊரில் விற்கும் டிவிகள் பெரும்பாலும் அதை ஏற்றுக்கொள்ளும்.

நூறுகண் | பதிவு 6

மின்கம்பி அவர்களின் விளக்கம் அழகாக இருக்கிறது. ஆனால் அழகாக இருப்பதாலேயே அது உண்மையாகிவிடாது. இங்கே விற்ற நகல்கள் ஒரே ஆலையில் ஒரே வடிவில் செய்யப்பட்டவை அல்ல. பழையகேசட் அவர்களின் வீட்டுப் பெட்டி 50-இல்தான் ஓடியது என்பதற்கு அளந்து பார்த்த சான்று ஏதாவது உண்டா? ஐரோப்பிய வடிவக் கதை கேசட்டைப் பற்றியதுதானே, பெட்டியைப் பற்றியது அல்லவே.

மின்கம்பி | பதிவு 7

நியாயமான கேள்வி. அவருடைய பெட்டி என் கையில் இல்லை, என்னுடையது இருக்கிறது. பொத்தான் ரப்பர் தேய்ந்துபோனாலும் இன்னும் உயிரோடு இருக்கிறது.

அளப்பதற்குச் சூப்பர் மரியோவே போதும். அதில் மேலே ஓடும் 'டைம்' என்பது நொடிக் கணக்கு அல்ல. 24 ஃபிரேமுக்கு (திரையை ஒரு முறை வரைவது ஒரு ஃபிரேம்) ஒரு முறை ஒன்று குறையும். முதல் உலகின் முதல் கட்டம் 400-இல் தொடங்குகிறது. 300 வரும்வரை 2,400 ஃபிரேம்கள். நொடிக்கு 60 என்றால் 40 நொடி. 50 என்றால் 48 நொடி. எட்டு நொடி வித்தியாசத்தைக் கைபேசியின் ஸ்டாப்வாட்சிலேயே பிடித்துவிடலாம்.

நேற்றிரவு பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி, மஞ்சள் பின்னையும் வெள்ளைப் பின்னையும் பழைய குழாய் டிவியில் செருகி, மரியோவை நின்ற இடத்திலேயே நிறுத்திவிட்டு அளந்தேன். மூன்று முறையும் 48 நொடி. பத்தில் ஒரு நொடி முன்பின் ஆனது என் கட்டைவிரலின் குற்றம்.

நூறுகண் | பதிவு 8

48 நொடி என்றால் ஏற்றுக்கொள்கிறேன். ஒரு பெட்டிக்கு மட்டும்.

தேநீர்க்கோப்பை | பதிவு 9

நினைவுதான் மெதுவாக ஓடுகிறது என்று எழுதியதை நானும் திரும்பப் பெறுகிறேன். பழையகேசட் அவர்களே, தாமதம் பாதியாகக் குறைந்தது என்றீர்கள். மீதிப் பாதியைக் கண்ணால் எண்ணிப் பார்க்க ஒரு வழி இருக்கிறது.

விளையாட்டு ஓடும்போது விசைப்பலகையில் P அழுத்தி நிறுத்துங்கள். குதிக்கும் பொத்தானை விடாமல் பிடித்துக்கொண்டு K விசையை ஒவ்வொரு முறையாகத் தட்டுங்கள். ஒரு தட்டுக்கு ஒரு ஃபிரேம் நகரும். ஆள் எத்தனையாவது தட்டில் எழும்புகிறான் என்று எண்ணுங்கள். சூப்பர் மரியோவில் இரண்டாவது தட்டில்தான் மரியோ எழும்புவார். முதல் ஃபிரேம் விளையாட்டுக்குள்ளேயே இருக்கும் தாமதம், மூல இயந்திரத்திலும் அது இருந்தது. ரெட்ரோஆர்ச்சில் 'லேட்டன்சி' என்ற பகுதிக்குள் 'ரன்-அஹெட்' என்ற வசதி 2018 முதல் இருக்கிறது. எமுலேட்டர் மறைவாக ஒரு ஃபிரேம் முன்னால் ஓடிப் பார்த்து, அந்தப் படத்தை உங்களுக்குக் காட்டிவிட்டு, மீண்டும் பழைய நிலைக்குத் திரும்பிக்கொள்ளும். டிவி தின்றுவிடும் ஃபிரேமை இங்கே மிச்சப்படுத்துகிறோம். எண்ணிப் பார்த்ததற்கு மேல் ஒன்றுகூடக் கூட்டி வைக்காதீர்கள். அசைவின் தொடக்கம் விழுங்கப்பட்டு ஆள் தத்தித் தத்திப் போவான்.

அரைஞாண் | பதிவு 10

இவ்வளவு பாடு எதற்கு? எந்தத் தளத்திலும் ரோம் (கேசட்டில் உள்ளதைப் பிரதியெடுத்த கோப்பு) கிடைக்கிறது, 50-க்கு மாற்றி எழுதியவைகூட இருக்கின்றன. தளத்தின் முகவரியை இங்கே இடட்டுமா?

மட்டுறுத்துநர் | பதிவு 11

வேண்டாம். ரோம் தளங்களின் முகவரிகளுக்கு இங்கே இடமில்லை என்பது களத்தின் பழைய விதி. எமுலேட்டரைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசுங்கள்.

சட்டநாழி | பதிவு 12

இந்த இடத்தில் இரண்டையும் பிரித்துச் சொல்வது நல்லது. எமுலேட்டர் எழுதுவதும் வைத்திருப்பதும் தம்மளவில் குற்றம் அல்ல. சோனி நிறுவனம் கனெக்டிக்ஸ் நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000-இல், எமுலேட்டரை உருவாக்குவதற்காக பிளேஸ்டேஷனின் பயோஸை (இயந்திரத்துக்குள் பதிந்திருக்கும் அடிப்படை நிரல்) பிரதியெடுத்து ஆராய்ந்தது நியாயமான பயன்பாடே என்று தீர்ப்பளித்தது. 2024-இல், ஸ்விட்ச் இயந்திரத்துக்கான யூசு எமுலேட்டரின் மீது நிண்டெண்டோ தொடுத்த வழக்கில் சிக்கல் வேறு: அப்போது விற்பனையில் இருந்த இயந்திரத்தின் பூட்டை உடைப்பது. அது தீர்ப்புவரை போகாமல் 24 லட்சம் டாலர் உடன்படிக்கையில் முடிந்தது.

விளையாட்டின் பிரதி தனிக் கேள்வி. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 52(1)(ஏஏ) பிரிவு, கணினி நிரலின் ஒரு பிரதியைச் சட்டப்படி வைத்திருப்பவர், அது தொலைந்தாலோ பழுதானாலோ உதவும்பொருட்டுக் காப்புப் பிரதி எடுத்துக்கொள்ள அனுமதிக்கிறது. 'சட்டப்படி வைத்திருப்பவர்' என்ற சொற்களைக் கவனியுங்கள். நாம் கடையில் பேரம் பேசி வாங்கிய '64 இன் 1' கேசட்டை யார் யாரிடம் அனுமதி பெற்றுச் செய்தார்கள்? 'காசு கொடுத்து வாங்கியதுதானே' என்ற வாதம் அந்தக் கேசட்டுக்குச் செல்லாது. கோனாமி நிறுவனமே காண்ட்ரா தொகுப்பு ஒன்றைக் கணினிக்கும் வெளியிட்டிருக்கிறது. சந்தேகமே இல்லாமல் ஆட விரும்புபவருக்கு அது போதும்.

மின்கம்பி | பதிவு 13

சட்டத்தைப் பற்றி வாதாட எனக்குத் தகுதி இல்லை. ஆனால் அந்தத் தொகுப்பில் டெண்டி இல்லை.

பழையகேசட் அவர்களுக்கு இன்னும் இரண்டு செய்திகள். முதலாவது ஒலி. சுரங்களை எழுப்பும் சதுர அலை ஒவ்வொரு சுற்றிலும் எத்தனை விழுக்காடு நேரம் மேலே நிற்கிறது என்பதற்கு ஓர் அளவு உண்டு; நகல் சில்லுகள் சிலவற்றில் அதில் 25 விழுக்காடும் 50 விழுக்காடும் இடம் மாறிப்போயிருந்தன. மூலத்தில் மெல்லியதாக ஒலிக்கும் சுரம் அவற்றில் தடித்து ஒலிக்கும், தடித்தது மெலியும். எஃப்சிஇயுஎக்ஸிலும் மெசனிலும் ஒலி அமைப்பில் 'ஸ்வாப் டியூட்டி சைக்கிள்ஸ்' என்ற தேர்வே இதற்காக இருக்கிறது. என் பெட்டியில் இப்படித்தான். மரியோ நீருக்குள் போகும் கட்டத்தின் இசையை இரண்டு விதமாகவும் கேட்டுப் பாருங்கள், எது உங்கள் வீட்டு ஒலி என்பது உடனே தெரிந்துவிடும்.

இரண்டாவது ஜாய்ஸ்டிக். மூலக் கண்ட்ரோலரில் ஏ, பி என்று இரண்டு பொத்தான்கள்தான். நம்முடையதில் நான்கு. மேலே இருந்த இரண்டும் டர்போ. அழுத்திப் பிடித்தால் அதுவே விடாமல் தட்டிக்கொண்டிருக்கும். நீங்கள் சிறுவயதில் ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு முறை தட்டிச் சுட்டீர்களா, டர்போவைப் பிடித்துக்கொண்டு சுட்டீர்களா?

பழையகேசட் | பதிவு 14

டர்போவைப் பிடித்துக்கொண்டுதான். இதை எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை. கட்டைவிரலின் பக்கவாட்டால் மேல் பொத்தானையும் நுனியால் குதிக்கும் பொத்தானையும் அழுத்திய பழக்கம் எழுதும்போதே விரலில் தெரிகிறது.

இப்போது எல்லாவற்றையும் செய்துவிட்டேன். டெண்டி, 50 ஹெர்ட்ஸ், ரன்-அஹெட் ஒன்று, ஒலி மாற்றம், தோள் பொத்தானில் டர்போ. மரியோவை நிறுத்தி அளந்தேன்; 48 நொடி. ஒலி மாற்றம் போட்டதும் கேட்ட அந்த நீர் இசைதான் எங்கள் கூடத்தில் ஒலித்தது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் அருவியில் இன்னும் செத்துக்கொண்டுதான் இருக்கிறேன். மேலே ஏற ஏறத் திரையின் கீழ் விளிம்பு பின்னாலேயே ஏறிவந்து, நிற்க இருந்த பாறையை விழுங்கிவிடுகிறது. மூன்று உயிரும் போய், 'கன்டினியூ' மூன்றும் தீர்ந்து, நான்காம் கட்டத்தை இதுவரை கண்ணாலும் பார்க்கவில்லை. வேகம், தாமதம், பொத்தான் என்று எல்லாச் சாக்குகளும் தீர்ந்துவிட்டன.

நூறுகண் | பதிவு 15

ஒரு சாக்கு மீதம் இருக்கிறது. பழைய கேசட்டின் பட்டியலை நினைவுபடுத்திப் பாருங்கள். 64 விளையாட்டு என்று ஒட்டியிருப்பார்கள், உள்ளே பதினைந்து இருபதுதான் இருக்கும். மீதியெல்லாம் அவையே வேறு பெயரில் திரும்ப வரும். ஒன்றில் மூன்றாம் கட்டத்திலிருந்து தொடங்கும், ஒன்றில் ஆயுதம் முதலிலேயே கையில் இருக்கும், ஒன்றில் உயிர்கள் அதிகம் இருக்கும். உங்கள் வீட்டில் எந்த எண்ணைத் தேர்ந்தெடுத்து ஆடினீர்கள்?

பழையகேசட் | பதிவு 16

எண்ணைத் தேர்ந்தெடுத்தது எப்போதும் அக்காதான். ஆகவே இன்று காலை அவரிடம் தொலைபேசியில் கேட்டேன். கேள்வியை முடிக்கும் முன்பே பதினேழு என்றார். முதல் எண்ணில் மூன்று உயிர்தான் வரும், அதில் நான் அருவியிலேயே செத்துவிட்டு அழுவேன், அதனால் முப்பது உயிர் வரும் பதினேழாம் எண்ணைப் போட்டுக் கொடுப்பதை வழக்கமாக்கிக்கொண்டாராம். பட்டியல் திரையை நான் எட்டிப் பார்க்காதபடி மறைத்துக்கொண்டு தேர்ந்தெடுத்ததாகவும் சொன்னார். இருபத்தைந்து ஆண்டுகளாக நான் மூன்று உயிரில் முடித்தவன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பொங்கலுக்கு அக்கா வருகிறார். மூல வடிவத்தில் முப்பது உயிருக்கு வழி உண்டா?

மின்கம்பி | பதிவு 17

உண்டு. தலைப்புத் திரை வந்து நின்றதும் மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ, பிறகு ஸ்டார்ட். அக்காவோடு சேர்ந்து ஆடுவதானால் ஸ்டார்ட்டுக்கு முன் செலக்ட்டையும் ஒரு முறை அழுத்த வேண்டும். அழுத்துவதற்கு முன் டர்போவை அணைத்துவிடுங்கள். அது ஒன்றை இரண்டாகத் தட்டிவிட்டால் வரிசை கெட்டுப்போய் மூன்று உயிரே வரும்.